கடுகளவு காற்று

பிரேக் பெடல் மறுபடியும் தரை வரைக்கும் போய் மெத்தென்று உட்கார்ந்தது. டிரைவர் சீட்டில் இருந்த நர்ஸம்மா காலை எடுக்காமலே கேட்டாள்.

"ஏங்க, இது பிரேக்கா, இல்ல பஞ்சு மெத்தையா?"

பின்சக்கரத்தின் அருகே குப்புறக் கிடந்த வாத்தியார் ஸ்பானரைத் துணியில் துடைத்தார். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை. இப்போது மணி மூன்று. பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்று போக, நாலு சக்கரத்திலும் மூன்று சுற்று ஏர் எடுத்தாயிற்று. "மிதி" என்பார் அவர். "மிதிச்சாச்சு" என்பாள். சக்கரத்தில் காற்றுவிடும் நிப்பிளைத் திறப்பார், பிரேக் ஆயில் பீறிடும், மூடுவார், "விடு" என்பார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்னதையெல்லாம் அவள் மறுபேச்சு பேசாமல் செய்தது இன்றைக்குத்தான். அப்படியும் பெடலுக்கு மட்டும் புத்தி வரவில்லை.

மதில் மேல் தலையை நீட்டினார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "வாத்தியாரே, வண்டி பாஸா, பெயிலா?"

"மறுதேர்வு எழுதுது அண்ணே" என்றாள் அவள்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை, திங்கட்கிழமை காலை, அவள் இந்தக் காரில் தனியாகப் போக வேண்டும். மலையடிவார ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸாக மாற்றல். ஏழு மணிக்கு டூட்டி, முதல் பஸ்ஸோ எட்டுக்குத்தான். கீழே இறங்கும் வரை பதினோரு வளைவு. அவள் லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது என்று தெரிந்தபோது, செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொன்னான் மெக்கானிக். "திரவ அழுத்தத்தை வருஷா வருஷம் நடத்துறவன் நான். இது என்ன பெரிய வித்தை?" என்று புதுசு வாங்கிவந்து மாட்டியவர் இவர்தான். மாட்டும் முன்னால் சிலிண்டரை மேஜையில் வைத்து ஆயில் நிரப்பிக் காற்றை எடுத்துவிட வேண்டும் என்று அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்போது காற்று எங்கே போய்விடப் போகிறது, சக்கரத்து வழியாக வந்துதானே ஆக வேண்டும் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படித்தவன் செய்கிற தப்பு. படிக்காதவன் அந்தத் தாளில் இருந்த படத்தைப் பார்த்து ஒழுங்காகச் செய்திருப்பான்.

"நாளைக்கு லீவு போடு" என்றார், எழுந்து உட்கார்ந்து.

"சேர்ற அன்னைக்கே லீவா? நல்லா இருக்கு போங்க."

ஏழாவது வளைவு அவர் கண்முன் வந்தது. அங்கே தடுப்புச்சுவர் கிடையாது. அவள் மிதிக்கிறாள், பெடல் இப்படியே மெத்தென்று போகிறது. "எனக்குத் தெரியலடி" என்றார். வகுப்பில் ஒருநாளும் அவர் வாயில் வந்திராத வார்த்தை.

அவள் கேலி செய்யவில்லை. இறங்கி வந்து பானெட்டுக்குள் குனிந்தாள்.

"காத்து எங்க இருக்கு?"

"லைன்ல எங்கயோ."

"எங்கயோன்னா? காத்து மேட்டைப் பாத்துத்தானே போகும்." விரலால் சிலிண்டரின் முன்முனையைத் தொட்டாள். வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிந்தது. கார் எப்போதும் போல வீட்டைப் பார்த்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "இந்த முனைதான் இப்ப உசரம். ஆயில் டப்பாவுக்குப் போற துளை அதுக்குக் கீழ இருக்கு. காத்து சொகுசா இங்க உக்காந்திருக்கு, நீங்க சக்கரத்துல போய்த் தேடுறீங்க. டிரிப் குழாயிலயும் இப்படித்தான் ஒரு காத்துக் குமிழி ஒட்டிக்கும். எவ்வளவு மருந்து ஓடவிட்டாலும் அசையாது. குழாயைச் சாய்ச்சுத் தட்டணும்."

"காரை எப்படிச் சாய்க்கிறது?"

"ஜாக்கி எதுக்குன்னு வாத்தியாருக்கு நான் சொல்லணுமா?"

முன்சக்கரங்களுக்குப் பின்னால் பெரிய கற்களை முட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, கார் மூக்கைத் தாழ்த்தும் வரை உயர்த்தினார்கள். அவள் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டு, அவரை சீட்டில் உட்காரச் சொன்னாள். "முழுசா மிதிக்காதீங்க. ஒரு விரற்கடை. மெதுவா. விட்டுட்டு எண்ணுங்க." ஸ்க்ரூடிரைவர் பிடியால் சிலிண்டரை லேசாகத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினாள்.

"ஏங்க, இறங்கி ஓடி வாங்க!"

இடம் மாறிக்கொண்டார்கள். அவள் மிதிக்க, அவர் குனிந்தார். தேன் நிற ஆயிலுக்கு அடியில், துளையின் வாயில், ஒரு குமிழி பிறந்தது. கடுகளவுதான். அவசரமில்லாமல் மேலே வந்து உடைந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் சரம் சரமாக வந்தன. அம்மாடி! ஒரு டன் இரும்பைப் பாதாளத்துக்குத் தள்ள இருந்தது இதுவா? ஊதினால் பறந்துவிடும் இதுவா? கரும்பலகையில் எத்தனை தடவை அம்புக்குறி போட்டிருப்பார், ஒருநாளாவது இதைக் கண்ணால் பார்த்தாரா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கொஞ்ச நேரத்தில் குமிழிகள் நின்றன. "இப்ப மிதிச்சுப் பாருங்க" என்று அவள் இறங்கினாள். மிதித்தார். பெடல் பாதியில் கல்லாக நின்றது. சீட்டிலிருந்து எழும்பி மிதித்தார், அசையவில்லை. அந்த மெல்லிய குழாய்களுக்குள் இருந்த கால்படி ஆயில் அவருடைய முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக எத்தனை பேரின் நரம்புக்குப் போகும் குழாயில் இவள் இப்படிக் குமிழி தேடியிருக்கிறாள், இன்று டூட்டி எப்படி என்று கேட்டதோடு சரி, இதை ஒருநாளும் கேட்டதில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ பெரிய ஆளுடி."

"இப்பதான் தெரியுதாக்கும்."

வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் பத்துத் தடவை ஓட்டி, நிறுத்தி, சக்கரம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ஆறேகால். கூட வருகிறேன் என்றவரை, பள்ளிக்கூடத்துக்கு யார் போவது என்று அவள் இறக்கிவிட்டாள். அவர் மொட்டை மாடிக்கு ஓடினார். அங்கிருந்து ஏழாவது வளைவு தெரியும். மூன்றாவதில் கார் மரங்களுக்குள் மறைந்தது. ஐந்தில் காரின் வெள்ளை ஒரு கீற்று. பிறகு நெடுநேரம் மலை மட்டும் இருந்தது. ஏழாவது வளைவுக்கு முன்னால் கார் வேகமாக வெளியே வந்தது, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. கார் நிதானித்து, ஓரம் தொடாமல் மெல்லத் திரும்பியது. மாடியில் செருப்பில்லாமல் நின்ற வாத்தியாரின் வலது கால், விரல்கள் வெளுக்க, தரையை அழுத்திக்கொண்டிருந்தது.