ஐந்தாவது கார்டுக்கு ஞாயிறு விடுமுறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் கணினி படுத்துவிட்டதால் கிடைத்தது. பாதி எழுதிய நாவல் ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடை. உள்ளே நாற்பதைத் தொட்ட ஒரு பெண், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டைத் திறந்து தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேர வேலைதான் சார். உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. காரணம், பொழுதுபோகாமல் நான் கேட்ட ஒரு கேள்வி: உங்களால் சரிசெய்ய முடியாத பழுது என்று ஏதாவது உண்டா?

"முடியாததுன்னு இல்ல. கண்டுபிடிச்சும் சரிபண்ணாம விட்டது ஒண்ணு இருக்கு," என்றார்.

எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்த பிறகு அவன் எப்படி வீட்டுக்குப் போவான்?

2

நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

"இயந்திரங்களும் மனிதர்களைப் போலத்தான். அவற்றுக்கும் —" வேண்டாம். இதைப் படித்தால் அவர் சிரிப்பார்.

"அந்த அறைக்குள் ஆறு கார்டுகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன." மூச்சா? சுற்றியது விசிறி.

"தனிமை என்பது ஒரு —" (இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.)

2, மறுபடியும்

அவளுடைய தம்பி ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். கிரிப்டோ நாணயத்துக்காக மைனிங் செய்யலாம் என்று ஆசைப்பட்டான். மைனிங் என்றால் யாரும் எதையும் தோண்டுவதில்லை. கிராபிக்ஸ் கார்டுகள் இராப்பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். போட்ட கணக்குக்கு ஏற்பத் துளித்துளியாக நாணயம் சேரும். அலுமினியச் சட்டத்தில் ஆறு கார்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டான். சத்தமும் சூடும் தாங்காமல் அவன் மனைவி, "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டாள். ஆகவே இயந்திரம் அப்பாவின் வீட்டுக்குக் குடிபோனது.

(நேரில் 'நீங்க' என்று பேசுகிறவரைக் கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன். மரியாதைக் குறைவல்ல, பக்கத்தில் நின்று பார்க்க இந்தச் சொல்தான் வசதி.)

அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஊரின் ஒரு கோடியில் அவர், மறுகோடியில் மகன். காரணம் இல்லாமல் கூப்பிட்டுப் பேசிக்கொள்ள இரண்டு பேருக்கும் தெரியாது. மகன் ஞாயிற்றுக்கிழமை வருவான், குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பான், போவான்.

இயந்திரம் வந்ததும் காரணம் வந்தது. முதல் மாதங்களில் ஏதாவதொரு கார்டு நாளைக்கு நாலைந்து தரம் உறைந்துபோகும். மகனின் போனில் சிவப்பு விழும். உடனே கூப்பிடுவான்.

"அப்பா, விழுந்துடுச்சு."

"இரு, போறேன்."

அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டு, திரையில் ஓடும் சூட்டு அளவுகளை அப்பா வாசிப்பார். "ஒண்ணு அம்பத்தஞ்சு. ரெண்டு அம்பத்தெட்டு. மூணு..." ஆறு முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

அவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு நாலைந்து தரம்.

3

இங்கேதான் நம் நாயகி நல்லது செய்து கெடுத்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்க்கப் போனவள் இயந்திரத்தின் கோலத்தைப் பார்த்தாள். அவள் தொழிலில் இருக்கும் எவராலும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாது. ஒரு முழு நாள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கார்டாகக் கழற்றினாள். சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து போயிருந்தது, அதைத் துடைத்துப் புதிது தடவினாள். கார்டையும் பலகையையும் இணைக்கும் ரைசர் கேபிள்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு, பழுது கேபிளோடு போகிறதா கார்டோடு நிற்கிறதா என்று பார்த்தாள். இரண்டு கேபிள்கள் குப்பைக்குப் போயின. பிறகு அளவுகள். மெமரி வேகத்தைக் கூட்டினால் கணக்கு விரைவாக ஓடும். மிஞ்சினால் கார்டு முதலில் தப்பு விடை சொல்லும், பிறகு உறையும். மின்சாரத்தைக் குறைத்தால் சூடு தணியும். ரொம்பக் குறைத்தால் மயங்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் இருக்கிறது. ஆறுக்கும் கண்டுபிடித்தாள்.

பத்தொன்பது நாள் ஒரு கார்டுகூட விழவில்லை.

அவள் கடையில் உட்கார்ந்து போனில் ஆறு கார்டுகளின் பச்சை வரிசையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். அந்தப் பத்தொன்பது நாளில் அப்பாவுக்கு யாரும் போன் செய்யவில்லை என்பது அந்தத் திரையில் தெரியாது.

இருபதாவது நாள் ஐந்தாவது கார்டு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அதற்கு மறுநாள் இரண்டு தரம்.

4

"சாதாரணமா கார்டு விழறதுக்கு முன்னாடி முனகும் சார்," என்றார் கடையில் என்னிடம். "தப்பு விடை நாலு வரும், சூடு ஏறும், வேகம் தள்ளாடும். மெஷின் எழுதற பதிவைப் பாத்தா எல்லாம் இருக்கும். இது அப்படி இல்ல. அம்பத்தெட்டு டிகிரில ஜம்முனு ஓடிட்டிருக்கு. அடுத்த வரில கார்டே இல்ல."

மெமரியைக் குறைத்துப் பார்த்தாள். விழுந்தது. மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தாள். விழுந்தது. கடையிலிருந்தபடியே செய்யக்கூடியதையெல்லாம் செய்து தீர்த்த பிறகு, மூன்று வாரப் பதிவைக் காகிதத்தில் எழுதிக் கிழமைவாரியாகக் கட்டம் போட்டாள். காலை பதினொன்றை ஒட்டி. இல்லாவிட்டால் மாலை மூன்றரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது.

கார்டுக்கு ஏது வார விடுமுறை?

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். அப்பா டீ போட்டுக் கொடுத்தார். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"என்னாச்சுப்பா விரலுக்கு?"

"காய் நறுக்கினேன்."

வலது கைக்காரர் காய் நறுக்கினால் இடது விரலில்தானே வெட்டும்? இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்தாள். ஆறு ரைசர் கேபிள்கள். ஐந்தின் செருகிகளில் மெல்லியதாகத் தூசி படிந்திருந்தது. ஒன்று மட்டும் பளிச்சென்று துடைத்ததுபோல இருந்தது. அதை எட்ட வேண்டுமானால் சுற்றும் விசிறியை ஒட்டிக் கையை விட வேண்டும்.

"பதினொண்ணாகப் போகுது. இன்னும் ஓடிட்டே இருக்கேப்பா," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"நீ இருக்கும்போது விழாதும்மா," என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரையே நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் வரைவில் இந்த இடத்தில் அப்பாவின் கைகள் நடுங்கும்படி எழுதியிருந்தேன். கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். "கையா? எங்கப்பாவுக்கா?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அத்தனை உயரத்துல உக்காந்து முப்பது வருஷம் பெட்டியைப் பூ மாதிரி இறக்கினவர் சார். ஓடற மெஷின்ல தினம் கேபிளை உருவியும் கார்டுக்கு ஒரு கீறல் விழல. அவரைப் பாவமா ஆக்காதீங்க." ஆக்கவில்லை. நடுக்கத்தை அடித்துவிட்டேன்.]

5

என்ன செய்திருக்கலாம் அவள்?

தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வருத்தப்படுவான், ஒரு வாரம் கடமையாகப் போன் செய்வான். ஏன் திடீரென்று என்று அப்பாவுக்கும் புரிந்துவிடும். அதன் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சிரமம். சொல்லாமல் விட்டால்? ஓடும் கார்டிலிருந்து கேபிளை உருவுவது கார்டுக்கும் ஆபத்து, விரலுக்கும் ஆபத்து. இன்றைக்குப் பிளாஸ்டர். நாளைக்கு?

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் தன்மீதும் கோபம். மாதம் ஒருமுறை போகிற மகள், போனாலும் கார்டைப் பார்த்த அளவுக்கு அப்பாவைப் பார்க்காத மகள்.

கடைக்கு வந்து கணினியைத் திறந்தாள். ஐந்தாவது கார்டின் மெமரி வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கொஞ்சம். அது முனகத் தொடங்கும் எல்லையைத் தாண்டி, ஒரு நூலிழை தூரம்.

அன்று ஆறு தரம் விழுந்தது. அதிகம், தம்பி கார்டையே மாற்றிவிடுவான். குறைத்தாள். இரண்டு நாள் தானாக விழவே இல்லை. அந்த இரண்டு நாளும் பதினொன்று அடித்தால் அப்பாவின் விரல்தான் அவள் நினைவுக்கு வந்தது. மறுபடி ஒரு துளி கூட்டினாள். ஒரு வாரம் இப்படிப் போராடி, நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்ற கணக்குக்குக் கொண்டுவந்தாள்.

"விழாம ஓட்டறது எல்லாருக்கும் வரும் சார். இத்தனை தடவைதான் விழணும்னு ஓட்டறது இருக்கே..." என்று என்னிடம் சொன்னபோது, கடையில் மாட்டியிருந்த எந்தச் சான்றிதழைப் பற்றியும் அவர் அவ்வளவு பெருமைப்படவில்லை.

கார்டு தானாகவே விழத் தொடங்கியதும் கேபிளில் தூசி படிந்தது. அடுத்த மாதம் போனபோது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டாள். விரலும் ஆறிவிட்டது. தம்பி மட்டும் அவ்வப்போது கேட்பான்: "என்னக்கா, அஞ்சாவது மட்டும் அடங்கவே மாட்டேங்குது?"

"பழைய கார்டுடா. அது குணம் அப்படி."

6

இதற்கு நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அப்பா மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கண்கலங்குகிறார். கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல அந்த மாதிரிப் பழக்கம் இல்ல," என்றார்.

இரண்டு: தம்பி அளவுகளைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருகிறான். "வரட்டுமே," என்றார். ஆனால் இரண்டு வருடமாகியும் வரவில்லை. இயந்திரம் இன்றைக்கும் ஓடுகிறது, தினம் இரண்டு தரம் விழுகிறது, அப்பா சூட்டு அளவுகளை வாசிக்கிறார். பேச்சு கொஞ்சம் நீண்டிருக்கிறதாம். முழங்கால் வலி, பேத்தியின் பரீட்சை, பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவர்கள்.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. அது என் முட்டாள்தனமான சந்தேகம் ஒன்றிலிருந்து வந்தது. கதைக்காக இந்தத் தொழிலைப் பற்றிப் படித்தபோது, கார்டு உறைந்தால் தானே அணைத்துப் போடும் ஒரு குட்டிக் கருவி இருப்பதாகத் தெரிந்தது. வாசகர் யாராவது கேட்பார்களே என்று பயந்து நானே கேட்டேன்.

"உங்க தம்பி ஏன் அதை வாங்கி மாட்டல? மாட்டிருந்தா அப்பாவைக் கூப்பிடவே வேண்டியதில்லையே?"

"வாங்கித் தந்தேனே சார். முதல் மாசமே. 'வேலை செய்யலக்கா, வீட்ல எங்கயோ கெடக்கு'ன்னான்." ஒரு திருகாணியைச் சுழற்றிக்கொண்டே சொன்னவரின் கை மெதுவாக நின்றது.

"நான் ஓட்டிப் பாக்காம எதையும் கைல குடுக்க மாட்டேனே. அன்னிக்கு நல்லாத்தானே ஓடுச்சு," என்றார், என்னிடம் அல்ல.

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றி விளக்கை அணைத்தார். போனை எடுத்துத் தம்பியின் பெயர் வரை போனார். கட்டைவிரல் அங்கேயே நின்றது.

"இவ்வளவு நாளா அவங்க பேச்சை நான்தான் காப்பாத்திட்டிருக்கேன்னு நெனச்சேன்," என்றார். பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோல, "கேக்கட்டுமா சார் அவன்கிட்ட? வேணாமா?" என்றார்.

நான் கோழை. கதையைக் கிண்டியவன் நான்தான். இருந்தும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு முடிவு கிடைத்திருக்கும். பார்க்கவில்லை.

ஆனால் அவர் கேள்வி கேட்டுவிட்டார், போன் இன்னும் கையில்தான் இருக்கிறது. நான் எழுந்து வந்த நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், கொஞ்சம் உட்காருங்கள். அவருக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.