கண்டறிய இயலவில்லை

...அதெப்படி, குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறவர்களைக் காணோம் என்று எழுத ஒருவனுக்குக் கை வரும், அதுவும் ஒருவர் இருவரை இல்லை, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காக ரத்தம் கொடுத்து, மழையானாலும் வெயிலானாலும் வந்து போகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து... அவள் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள், முதுகு நிமிர்ந்தால் கோபம் தணியும் என்று தான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள், ஆலோசகர் வேலை அது, தனக்கென்று வரும்போது ஒரு எழவும் தணியவில்லை. மானிய அலுவலகத்தின் நடையில் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்துகொண்டிருந்தது. அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறாராம். எழுத்தர் அம்மாள் ஒவ்வொரு தடவை கதவைத் திறந்து உள்ளே போகும்போதும் இவள் எட்டிப் பார்த்துவிட்டாள், உள்ளே மேசையும் அவரும்தான், தன்னோடு தானே மீட்டிங் போடுகிற மனிதர் போலிருக்கிறது. நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க, நான் போனா சண்டையாயிடும் என்று கிளினிக் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார், இவள் என்னவோ சமாதானப் புறா மாதிரி.

இந்த மாதத்தோடு மானியத்தை நிறுத்துகிறார்களாம். மூடிப்போன அச்சகத்துக்கு மேலே மூன்று அறை, பின்பக்கம் ஒரு படி, முன்பக்கம் ஒரு படி, சாயங்காலத்தில் மட்டும் திறக்கிற கிளினிக், வாசலில் 'பொது மருத்துவம்' என்று ஒரு பலகை, அவ்வளவுதான், எச்.ஐ.வி. என்ற எழுத்தை எங்கேயும் பார்க்க முடியாது. கூலிக்குப் போகிறவர்கள் வேலை முடித்து வருவதற்காகத்தான் சாயங்காலம், யார் எதற்கு வருகிறார்கள் என்று தெருவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பலகை. டாக்டர், ரத்தப் பரிசோதனை, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் காசு, இவள் சம்பளம், எல்லாம் அரசாங்க மானியம். இனிமேல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், பகலில் போகட்டும் என்கிறார்கள். போகலாம், அங்கே மருந்து ஜன்னலுக்கு மேலே நோயின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, அம்புக்குறியும் போட்டு வைத்திருக்கிறார்கள், அதன் கீழே வரிசையில் நில் என்றால் யார் நிற்பான்? ஹெல்மெட் நிற்பாரா? அவர் நிஜப் பெயரைச் சொன்னால் கிளினிக்கில் யாருக்கும் ஆள் தெரியாது, ஹெல்மெட் என்றால்தான் தெரியும், டாக்டர் அறைக் கதவைச் சாத்தும்வரை தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாதவர், அவருக்கு வண்டியே கிடையாது, பஸ்ஸில் வருகிறார். முடிதிருத்துகிறவர். நாளைக்கு எவனாவது பார்த்துவிட்டால் அந்த நாற்காலியில் ஒரு தலை உட்காராது அக்கா என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்பு முகத்தில்தான் இருந்தது. அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார், மாத்திரையை விடுவார், இளைப்பார், அப்புறம் ஒருநாள் கடை பூட்டியிருக்கும்... இதைப் போய் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் ரத்தத்தில் கிருமி குறைந்து குறைந்து, இயந்திரம் தேடினாலும் அகப்படாத அளவுக்குப் போய்விடும், அப்போது பரிசோதனைக்கூடத்தில் 'கண்டறிய இயலவில்லை' என்று எழுதுவார்கள். அதைவிடப் பெரிய மார்க் கிடையாது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவள் மேசையில் தலைகவிழ்ந்து அழுதவர்கள் உண்டு, ஒரு தையல்காரி மிட்டாய் வாங்கி வந்து யாருக்கு என்ன விசேஷம் என்று சொல்லாமலே எல்லோருக்கும் கொடுத்தாள். இத்தனை காலமும் அந்தக் கட்டத்துக்கு மேலே 'கிருமியின் நிலை' என்று தலைப்பு இருந்தது. இந்த வருஷம் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லையாம், எவனோ ஒரு புண்ணியவான் 'கிருமியின்' என்பதை வெட்டிவிட்டு வெறும் 'நிலை' என்று போட்டுவிட்டான். பெயர், வயது, நிலை. நிலை, கண்டறிய இயலவில்லை. மானிய அலுவலகம் வாசித்தது, சரிதான், இந்த ஆட்களையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, பொய்க் கணக்கு, பெயரை அடித்துவிடு. தேறியவன் பெயரெல்லாம் போச்சு, மாத்திரையை விட்டுவிட்டு இருமிக்கொண்டு கிடப்பவன் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிழைத்ததற்குத் தண்டனையா? எங்கேயாவது உண்டா இது? இதைக் கேட்டபோது டாக்டர் சிரித்தார், அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

"தண்ணி இருக்கா உங்ககிட்ட, இங்க மோட்டார் ரிப்பேர்," என்று எழுத்தர் அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தாள், பிறகு உற்றுப் பார்த்தாள், நீங்க பள்ளிக்கூடத்துல பார்த்த முகமா இருக்கே என்றாள். ஆக, அவள் மகளும் இவள் மகளும் ஒரே வகுப்பு. உலகம் சின்னது என்று சொல்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், இவள் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடியை இறுக்கித் திருகினாள். உங்க பொண்ணு கணக்குல புலியாமே, எங்க வீட்டுல உங்க பொண்ணு பேச்சுதான்... எச்.ஐ.வி. கிளினிக்கிலா வேலை, அய்யோ, பயமா இருக்காதா? பழகிடுச்சு என்றாள் இவள். பழகிவிட்டது, பொய் இல்லை, எத்தனையோ வருஷமாகக் காலையில் பல் விளக்கியதும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள், சத்து மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறாள், மகளும் அம்மா ரத்தசோகைக்காரி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பரீட்சை முடியட்டும் சொல்லலாம், அடுத்த பரீட்சை முடியட்டும் சொல்லலாம்... பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றைக்கு முடிந்திருக்கிறது. எப்படி வந்தது என்று மகள் கேட்கும். எல்லோரும் அதைத்தானே கேட்பார்கள், சர்க்கரை வந்தவனிடம் கேட்பதில்லை, கண்ணில் புரை வந்தவனிடம் கேட்பதில்லை, இதற்கு மட்டும் ஊரே நீதிபதி ஆகிவிடும். இவள் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை, வந்தது வந்தது, அடுத்து என்ன என்று கேள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு இளம் வயது, மரியாதை தெரிந்தவர், எழுந்து உட்காரச் சொன்னார், டீ சொல்லட்டுமா என்றார். இது இன்னும் மோசம், ஒரு கல்லுளிமங்கன் இருந்திருந்தால் கத்திவிட்டாவது வந்திருக்கலாம். எழுத்தர் அம்மாள் குறிப்பெடுக்க மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். இவள் வார்த்தையின் கதையைச் சொன்னாள், முழுதாகச் சொல்வதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது, அட, அப்படியா, என்று வாய்விட்டுச் சிரித்தார், கெட்டிக்காரர். அப்பாடா என்று இவளும் மூச்சு விட்டாள், புரிந்துவிட்டது, அப்படியென்றால் திருத்திவிடுவார், பெயர்களைத் திரும்பச் சேர்த்துவிடுவார்... எவ்வளவு பைத்தியக்காரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே சாமியும் பூசாரியும் ஒரே நாற்காலியில். எடுத்த பெயரைக் கடிதத்தைப் பார்த்துச் சேர்க்க முடியாதாம், ஆள் நேரில் வரவேண்டுமாம், முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி. வேறு இடங்களில் செத்தவன் பெயரில் எல்லாம் பணம் வாங்கியிருக்கிறார்களாம், இலவசமாகக் கொடுக்கும்போது கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா என்றார். இலவசம்! இவர் அப்பன் வீட்டுச் சொத்திலிருந்தா கொடுக்கிறார்? எண்ணெய் வாங்கினால் வரி, சோப்பு வாங்கினால் வரி, ஹெல்மெட் கட்டாத வரியா? அவர் வாங்கிய ஹெல்மெட்டுக்கே வரி கட்டியிருப்பார்.

"சார், அவங்க பேரே வெளியில தெரியக்கூடாதுன்னு விதி போட்டது நீங்கதான்," என்றாள்.

"ரெண்டுமே விதிதாம்மா," என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு. "ஒரே ஒருத்தராவது நேர்ல வந்தா, வார்த்தைதான் தப்பு, ஆள் இருக்காங்கன்னு நான் மேல எழுதலாம். மானியத்தை நிறுத்தாம வைக்க அது போதும். ஒருத்தர்கூட இல்லாம நான் எப்படி எழுதுறது?"

ஒருத்தர். யாரைக் கூட்டி வருவது, தையல்காரி வருவாளா, அவள் புகுந்த வீட்டில் தெரிந்தால் கத்தரிக்கோலைக்கூடத் தொடவிடமாட்டார்கள், ஹெல்மெட்டைக் கழற்றி இந்த வெளிச்சத்தில் நிறுத்துவதா, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவரா, வேண்டாம், நினைக்கவே வேண்டாம்... எழுத்தர் அம்மாளின் பேனா தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது, மூடியைக் கடித்திருக்கிறாள், பல் தடம் தெரிந்தது, மகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, மகளும் மகளும் ஒரே வகுப்பு, இன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் பேச்சு வரும், நாளைக் காலை வகுப்புக்குப் போய்விடும், வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிடலாம், எழுந்துவிடு, எழுந்துவிடு என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் பேசிவிட்டது.

"அந்தப் பட்டியல்ல நானும் இருக்கேன் சார்."

"ஊழியர் பட்டியல் தனியா இருக்கும்மா, அதுல பிரச்சினை இல்ல."

"ஊழியரா இல்ல சார். நோயாளியா. என்னையும் காணோம்னுதான் எழுதியிருக்கீங்க."

அதிகாரி ஒரு தாளை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். எழுத்தர் அம்மாள் தலையைத் தூக்காமலே, "இனிஷியல் சொல்லுங்க," என்றாள், ஜன்னலுக்கு வெளியே நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற குரல், நடையில் உட்கார்ந்து கணக்குப் புலி என்று பேசியவளின் குரல் அது இல்லை. இவள் சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக, கணீரென்று, வேண்டுமென்றே. சரி, பயந்தது நடந்துவிட்டது, நடந்தபிறகு பயப்பட என்ன இருக்கிறது? அதிகாரி தானே எழுதினார், எழுதியதை வாசித்தும் காட்டினார், 'நேரில் வந்ததில் ஒருவர் கண்டறியப்பட்டார்'. கண்டறியப்பட்டார்... ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, எந்த வார்த்தை வந்துவிடக்கூடாது என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தாளோ, அந்த வார்த்தையை இவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி... அவள் கையெழுத்துப் போட்டாள். மானியம் இப்போதைக்கு நிற்காது என்றார். வெளியே வந்தாள்.

படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது, ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது, டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், என்ன சொல்லி முடித்தீர்கள் என்று கேட்பார், சும்மா ஒரு வார்த்தை சொன்னேன் என்று சொல்ல வேண்டும். மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம், இன்னொரு வீட்டுப் பிள்ளை வாயால் கேட்பதற்கு முன்னால், பரீட்சையாவது மண்ணாவது, அழும், கத்தும், இரண்டு நாள் பேசாது, பேசும். தன் மானம், தன் பெயர், தான் கொடுத்தாள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கீழ்ப்படியில் ஒரு ஆள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டான், யார் எவரென்று தெரியாத மரியாதை. அப்போதுதான், கையெழுத்துப் போடுகிற மும்முரத்தில் காதோடு போன ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. பார்த்தீங்களா, எவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சு, என்றாரே அந்த அதிகாரி, நல்ல மனசோடுதான் சொன்னார், மத்தவங்களையும் இதே மாதிரி ஒவ்வொருத்தரா அனுப்பி வைங்க, எல்லாரையும் சேர்த்துடலாம். இதே மாதிரி. அவர் அப்படிச் சொன்னார், சரி, அவர் வேலை, சொன்னார்... அதற்கு ஒரு தலை ஆடியதே, சரிங்க சார் என்று ஒரு குரல் வந்ததே, எழுத்தர் அம்மாள் அதையும் எழுதிக்கொண்டாளே, அது யாருடைய குரல்? அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே ஏறிப் போய் அந்த ஒரு 'சரி'யைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா, அதற்கும் ஆள் நேரில் வரவேண்டும் என்பார்களா.