உப்பு மிஸ்ஸி

ரதிக்கு நர்ஸ் படிப்பு கிடையாது. பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய ஆய்வில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்த களப்பணியாளர், அவ்வளவுதான். ஆனால் பிரஷர் பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெண் வந்தாலும் தோட்டத்து ஜனங்களுக்கு அவள் மிஸ்ஸிதான். இவளோ மாதாமாதம் உப்புப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தவள். ஆகவே உப்பு மிஸ்ஸி. முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு கோபித்துக்கொள்ளவும் தெம்பில்லாமல் போய்விட்டது.

ஆய்வு என்னவோ எளிமையானதுதான். சோடியம் குறைத்த உப்பைப் போட்டுச் சமைத்தால் ரத்த அழுத்தம் ஏறாமல் தடுக்கலாமா, பக்கவாதம் வராமல் மனிதர்களைக் காப்பாற்றலாமா என்று பார்க்க வேண்டும். கோலா சாவா பக்கத்தில் ஒரு தோட்டம். அதில் பாதிக் குடும்பங்களுக்குப் புது உப்பு. மீதிப் பாதி, கடையில் வாங்குகிற வழக்கமான உப்பையே தின்ன வேண்டியது. மூன்று வருஷம் கழித்து இரண்டு பக்கத்தையும் அளந்து பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். காகிதத்தில் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும். நடுவில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். ஜனங்கள் ரந்தாவ், போர்டிக்சன், கெமாஸ் என்று மூலைக்கு ஒருவராகப் போனார்கள். ரதி மோட்டார் சைக்கிளில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே அலைந்தாள். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடிகளில் மூச்சு வாங்க ஏறிப் போனால் கதவு பூட்டியிருக்கும். போன் அடித்தால் வேறு யாரோ எடுத்து மலாயில் திட்டுவார்கள்.

அவளோடு சேர்ந்த மற்றவர்கள் முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ரதி போகவில்லை. அவளுக்கு அந்த ஆய்வின் பதில் வேண்டியிருந்தது.

அவள் கணவன் சுகுமாறன் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிற லாரி ஓட்டியவன். ஒரு நாள் மில் வாசலில் லாரியை விட்டு இறங்கும்போதே விழுந்தான். வலது பக்கம் செயலற்றுப் போயிற்று, பேச்சும் குழறிப் போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் நடுவில் அவனுடைய அக்கா ரோகினி, ரதியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "நீ ஆக்கிப் போட்ட உப்புதான் என் தம்பிய படுக்க வெச்சிருச்சு."

ரதிக்கு உப்பில் கை தாராளம். போர்டிக்சனில் பிறந்து வளர்ந்தவள், கருவாடு இல்லாமல் அவள் வீட்டில் குழம்பு கொதித்ததில்லை. சுகுமாறனும் அதைத்தான் கேட்டு வாங்கித் தின்றான். ரோகினி அதை அப்புறம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். ஒரே தடவை சொன்னதால் அந்த வார்த்தை ரதிக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்த ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். உப்பா, இல்லையா, இவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கடைசி அளவெடுப்பு வந்தது. சிதறிக் கிடக்கிற ஜனங்களை எங்கே போய்ப் பிடிப்பது? ஆய்வை நடத்திய டாக்டர் ஹேமநாதன் சிரம்பான்காரர், நல்ல மனிதர், ஆனால் மாதக் கடைசிக்குள் எண்கள் வேண்டும் என்று அவருக்கும் மேலே யாரோ நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ரதிதான் வழி கண்டுபிடித்தாள். தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில் போகவில்லை. வீடமைப்புக்காரன் வேலி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் நிற்கிறது. தீமிதித் திருவிழாவுக்கு எந்த ஊரில் இருந்தாலும் எல்லாரும் வந்து சேர்வார்கள். அங்கேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டால் ஒரே பகலில் வேலை முடிந்தது. டாக்டர் போனிலேயே அவளைப் பாராட்டினார். பாராட்டைக் கேட்டு மகிழக்கூட முடியாத அளவுக்கு அவள் களைத்திருந்தாள்.

காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக, மணிக்கட்டில் காப்புக் கயிற்றோடு, வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். புது உப்பு வாங்கிய பக்கம் எல்லாருக்கும் அழுத்தம் இறங்கியிருந்தது. ரதி எதிர்பார்த்ததுதான். அப்புறம் மற்றப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள், கடை உப்பு தின்றவர்கள். அவர்களுக்கும் இறங்கியிருந்தது. மெஷினில் கோளாறோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள். வழக்கம்போல் ஏறித்தான் இருந்தது. மெஷின் சரி.

வீரமுத்து வந்து உட்கார்ந்தார். ரந்தாவில் காவலாளி வேலை பார்ப்பவர், கடை உப்புப் பக்கத்தவர், எத்தனையோ முறை கிளினிக்குக்கு ஓடச் சொல்லி அவள் கெஞ்சிய ஆள். அவருக்கும் இளவட்டங்களுக்கு வருகிற எண் வந்தது.

"நல்லா இருக்குண்ணே," என்றாள் ரதி. அவர் சன்னிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மதியம் ஆக ஆக அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுதான். புது உப்பு தின்றவனும் பழைய உப்பு தின்றவனும் ஒரே மாதிரி. அப்படியென்றால் உப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை. அப்படியென்றால் சுகுமாறன் விழுந்ததற்கு அவள் கை காரணமில்லை. ஆய்வு தோற்கிறதே என்று வருத்தப்பட வேண்டியவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அன்னதானப் பந்தலில் பஞ்சாலை பரிமாறிக்கொண்டிருந்தாள். கோயில் சமையலுக்கு என்றைக்கும் அவள்தான் தலைவி. புது உப்புப் பக்கத்துக் குடும்பம். இலை நிறையச் சோற்றை வைத்துச் சாம்பாரை ஊற்றினாள். ரதி பிசைந்து ஒரு வாய் போட்டாள். சப்பென்றிருந்தது. பொரியலைத் தொட்டாள். அதுவும் அப்படியே. இத்தனை பேருக்கு ஆக்கும்போது மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, உப்பு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள்.

பஞ்சாலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உப்பு மிஸ்ஸியே உப்பு கேக்குதுடி," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "காப்பு கட்டிட்டா நம்ம கோயிலுக்கு உப்பு கெடையாது லா. தீ எறங்குன பொறவுதான் நாக்குல படணும். பதினஞ்சு நாளாச்சு. எங்க இருந்தாலும் அதான், கெமாஸ்ல என் தங்கச்சி வீட்லயும் அப்படித்தான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ரதி அறிந்த விரதம் என்றால் மீனும் கறியும் இல்லாமல் சாப்பிடுவது. மூன்று வருஷமாக இந்த ஜனங்களின் உப்பைப் பற்றி மட்டுமே கேள்வி கேட்டவளுக்கு இது தெரியாது. கொடுத்த உப்பைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டாள், ஆமாம் என்றார்கள். வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டாள், இல்லை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. புது உப்பும் இல்லாமல் பழைய உப்பும் இல்லாமல் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்து கையை நீட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்!

இலையில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அம்மன் சோற்றை எறியக்கூடாது என்று விழுங்கினாள். விழுங்கும்போதே அந்த நினைப்பும் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? கோயில் சாம்பாரில் உப்பு போட்டார்களா என்று டாக்டர் கேட்கப் போவதில்லை. எண்கள் போகும், அறிக்கை வரும், உப்பால் வித்தியாசம் இல்லை என்று அச்சில் நிற்கும். ரோகினியிடம் அதை நீட்டலாம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும். இத்தனை அலைச்சலுக்கு அதுகூடக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது வீரமுத்து மேசைக்கு அருகில் காத்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. இனி கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடலாமா, ஆத்தாளே இறக்கிவிட்டாளே என்று கேட்டார். சரி என்று சொன்னால் ரதியின் எண்கள் பிழைக்கும். அவர் பிழைப்பாரா?

"நிறுத்தாதீங்கண்ணே. உப்பு தின்னாம இருந்ததால எறங்கியிருக்கு. திரும்பத் தின்னா ஏறிடும்."

"அப்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"தெரியாம சொல்லிட்டேன்," என்றாள்.

அவருக்குச் சொன்ன பிறகு டாக்டரிடம் மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை. கோயில் பின்புறம் போய் நின்று போன் செய்தாள். டாக்டர் ஹேமநாதன் எண்களை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், அவர் வீட்டில் இப்படி ஒரு விரதம் கேள்விப்பட்டதே இல்லை என்றார். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. இந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சொல்வதும் சரியில்லை என்றார். திருவிழா முடிந்து மறுபடி அளக்கலாமே என்று அவள் கேட்டாள். மாதம் முடிந்ததும் ஆய்வு மூடப்படுகிறது, இன்னொரு தடவை ஆள் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் குரலிலும் அவளுடைய களைப்பே இருந்தது.

தீக்குழியில் விறகு எரிய ஆரம்பித்திருந்தது. ரதி அதைப் பார்க்க நிற்கவில்லை. மெஷினை மோட்டாரில் கட்டிக்கொண்டு சிரம்பானுக்குத் திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுகுமாறன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். அவளுக்கு அந்தப் பதில் எதற்கு வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. இன்றைக்கு மட்டும் கேட்டான்.

"முடிவு... என்னாச்சு?"

அவள் அவனுக்குத் தலையணையைச் சரிசெய்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததையும், சாம்பாரையும், டாக்டர் சொன்னதையும். இனிமேல் ஒன்றும் தெரியப்போவதில்லை என்றாள். சுகுமாறன் யோசித்தான். அவனுக்கு ஒரு வாக்கியம் பேசுவது ஒரு மேடு ஏறுவது மாதிரி. நின்று நின்று பேசினான்.

"அக்கா கேட்டா... உப்பால இல்லன்னு... சொல்லிரு. அதுக்கு... என்னா தெரியும்."

ரதி அவனுடைய செயலற்ற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா கேக்கலங்க," என்றாள். "நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."