முன்வரிசைக் கிழங்கு

எங்கள் இக்போ ஊர்களில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் வரிசையாகக் கட்டி வைத்த வள்ளிக்கிழங்கைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள். போன மாதம் எனக்காகப் போய்ப் பார்த்த பெண்ணின் வீட்டார் வருகிறார்கள் என்று தம்பி ஒபியோரா இருப்பதிலேயே பெரிய கிழங்கை முன்வரிசையில் கட்டினான். அதன் முதுகுப்பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுத்து அழுகியிருந்தது.

“வேற கிழங்கே இல்லையாடா?”

“இத்தனை பெருசு இல்லண்ணே. அழுகுன பக்கத்த உள்ள திருப்பிட்டேன்.”

பெண்ணின் அப்பா நாமானி வந்ததும் நேராக அதைத்தான் தடவினார். பின்னால் போன கட்டைவிரல் பொதுக்கென்று உள்ளே இறங்கியது. எனக்கு மானமே போனது. அவர் விரலை வாழையிலையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

“கயித்த இறுக்கிக் கட்டுங்க மாப்பிள்ளை. காத்தடிச்சா திரும்பிக்கும். நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நானும் அப்படித்தான் திருப்பிக் கட்டியிருந்தேன்.”