நாலடி மூன்றங்குல வாசல்

புஷ்பவல்லி சாவியைத் திருப்பினாள். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். அப்போதும் அப்படியே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை மாலை நாலு மணி. விடிந்தால் ஞாயிறு. ஞாயிறு காலை ஒன்பதுக்கு இந்த ஆஸ்டின் மினி கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மற்ற மினிகளோடு வரிசையில் நிற்க வேண்டும்.

"பேட்டரி அவுட்டா?" என்றார் நாகையா. போர்ச் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊரறிய அவள் கணவர். கார் விஷயத்தில் மட்டும் வெறும் பார்வையாளர்.

"பேட்டரி புதுசுங்க."

"அப்ப வயர்ல ஏதாச்சும்..."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் மிச்சத்தைத் தேநீரோடு விழுங்கிவிட்டார். எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வயரில் தப்பு என்று மட்டும் புஷ்பவல்லியிடம் சொல்லக் கூடாது. இருபத்தெட்டு வருடம் ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில், கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் லைனில் நின்றவள் அவள். வெட்டு, முனை பொருத்து, டேப் சுற்று, பெட்டியில் போடு. பெட்டி லோரியில் ஏறிப் போய்விடும். அந்த வயர் எந்தக் காருக்குப் போனது, எந்த ஊரில் விளக்காக எரிந்தது, ஒன்றும் தெரியாது. பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவது போலத்தான் இருந்தது அவளுக்கு. ஒன்றையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

அதனால்தான் வேலையை விட்ட மாதமே காப்பாரில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து இந்த அறுபத்தேழாம் வருடத்து மினியை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு கார், அதில் முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை தன் கையால் கட்டிய வயர், அதைத் தானே ரோட்டில் ஓட்டிப் போக வேண்டும். வந்தபோது காருக்குத் தரையே இல்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் இருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம். துருவைச் சுரண்டினாள், தகரம் வெட்டினாள், வெல்டிங் கற்றுக்கொண்டு கையைச் சுட்டுக்கொண்டாள், பெயிண்ட் அடித்தாள். ஓடாத காருக்கு ஆறு வருடமும் தவறாமல் ரோட் டேக்ஸ் எடுத்தவள் இந்த மலேசியாவில் அவளாகத்தான் இருப்பாள். மினி கிளப் பையன்கள் கூப்பிடும்போதெல்லாம் "அடுத்த வருஷம் வந்துடறேன்" என்பாள். அவர்களும் அவளுக்கு 'நெக்ஸ்ட் இயர் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கிளப் தலைவன் குரு, செந்தூலில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன், எஞ்சினை மட்டும் அங்கே எடுத்துப் போய்ப் பிரித்துப் பூட்டி, ஓடவிட்டுப் பார்த்துக் கொடுத்தான். இரண்டு வாரத்துக்கு முன் வந்து, போர்ச்சில் வைத்தே பிரேக்கையும் சோதித்துவிட்டான். அந்தப் பேரை நாளையோடு குப்பையில் போட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

புஷ்பவல்லி இடுப்பில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள். கரண்ட் போகிறது. போனது திரும்பி வரவில்லை. அப்படியென்றால் எர்த். எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் அந்தச் செம்புப் பட்டை. அது பூட்டியிருக்கும் இடத்தை எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவி, அங்கேயும் மூன்று கோட்டிங் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறாளே! பெயிண்ட்டுக்குள் கரண்ட் எப்படிப் போகும்?

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் திரும்பப் பூட்டினாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

மினி ஒரு முறை இருமியது. மறுமுறை தும்மியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது பாருங்கள், போர்ச்சே அதிர்ந்தது. நாகையாவின் தேநீர் பாதி வேட்டியில் கொட்டியது. அவள் விளக்கைப் போட்டாள், எரிந்தது. வைப்பரைப் போட்டாள், ஆடியது. ஹாரனை அழுத்தினாள், பக்கத்து வீட்டு வாசு சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தான். புஷ்பவல்லி ஐம்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"பின்னால பாருங்க, எடுக்கப் போறேன்."

நாகையா கேட்டைத் திறந்துவிட்டு நின்று கையை ஆட்டினார். "வா... வா... வரலாம், வா... நில்லு, நில்லு."

"என்னங்க?"

"போகாது, புஷ்பா."

அவள் இறங்கி வந்து பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள். கேட்டின் இடது கதவுக்குப் பின்னால், ஓடு பதித்த சிமென்ட் மேடையில், சூலமும் எலுமிச்சை மாலையுமாக முனீஸ்வரர் நின்றுகொண்டிருந்தார்.

நாலு வருடத்துக்கு முன் நாகையா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வளைவில் லோரி கவிழ்ந்தது. "முனியாண்டி!" என்று கத்தியதுதான் அவருக்கு நினைவு, கண்ணாடி வழியாக நடந்து வெளியே வந்தார், ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு வாசலிலேயே கோயில் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார், வைத்தார். அன்றிலிருந்து கேட்டின் இடது கதவைத் திறப்பதில்லை. வலது கதவு மட்டும் போதுமானதாக இருந்தது. மோட்டார் சைக்கிள் போனது, கேஸ் சிலிண்டர் வந்தது, சோபாகூட உள்ளே வந்தது. மினி அப்போது சக்கரமில்லாமல் நாலு கல்லின் மேல் கித்தான் போர்த்திக் கிடந்தது.

வாசு டேப் எடுத்து வந்து அளந்தான். மேடைக்கும் வலது தூணுக்கும் நடுவில் நாலடி மூன்றங்குலம். காரின் அகலம் நாலடி ஏழரை அங்குலம்.

"இந்த இடத்துல யாருங்க மேடை கட்டச் சொன்னது?" என்று புஷ்பவல்லி வெடித்தாள்.

நாகையா தலையைச் சொறிந்தார். "பூசாரி அய்யாவு கேட்டாரு. நீதான் அடுப்படியிலேருந்து சொன்ன, 'எடது பக்கமா வச்சிருங்க, பைக் போக வழி இருந்தாப் போதும்'னு."

அவள்தான் சொன்னாள். நன்றாக ஞாபகம் வந்தது. ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் கார் ஓடும், ஓடும் என்று சவால் விட்டவள், பைக் போக வழி இருந்தால் போதும் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அவளே நம்பவில்லை போலிருக்கிறதே. அந்த எண்ணம் சுருக்கென்று தைத்தது.

"சாமிய ரெண்டு அடி தள்ளி வச்சா?" என்று மெல்ல இழுத்தாள்.

"நெனச்ச நேரத்துல நகர்த்த அது பூச்சட்டியா? அவரு உத்தரவு வேணும்." பிறகு அவரே சொன்னார். "சரி, பூக்கட்டிப் பாப்போம்."

விளக்கு வைக்கும் நேரத்தில் நாகையா குளித்து, திருநீறு பூசி, வெற்றிலையில் இரண்டு பொட்டலம் மடித்து முனீஸ்வரர் காலடியில் வைத்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சரி, நகர்த்தலாம். சிவப்பு வந்தால் கூடாது. கட்டியவர் எடுக்கக் கூடாது என்பதால் புஷ்பவல்லியை எடுக்கச் சொன்னார். அவள் கண்ணை மூடி, 'அப்பா, உன் வாசலத்தான் கேக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

செம்பருத்தி.

நாகையா கும்பிட்டுவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார். போன வேகம் புஷ்பவல்லிக்குச் சரியாகப் படவில்லை. கணவரோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? குனிந்து அடுத்த பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாள். அதிலும் செம்பருத்தி.

இரண்டு பூவையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். டிவிக்கு முன்னால், டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. சாமிகிட்டயே கள்ள ஆட்டமாங்க?"

அவர் பூக்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பயம், புஷ்பா. வெள்ளை வந்துட்டா நகர்த்தணும். நகர்த்தி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் லோரியிலேருந்து எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். அவரை அசைச்சுட்டு உன்னை ரோட்டுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

திட்டத்தான் வந்தாள். கோபம் இருந்தது, மலையளவு இருந்தது. அந்தக் கோபத்தை அவர்மேல் எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை. "ஆறு வருஷங்க" என்று மட்டும் சொன்னாள். ஃபோனை எடுத்துக் குருவுக்கு 'நெக்ஸ்ட்' என்று தட்டினாள். அடுத்த வார்த்தை விரலில் வரவில்லை. அழித்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காலை ஏழு மணிக்கு டமார் என்று ஒரு சத்தம். அவள் அலறியடித்து ஓடி வந்தாள். நாகையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரிய சம்மட்டியால் வலது பக்கத் தூணை உடைத்துக்கொண்டிருந்தார். அவரே ஓடு பதித்து, வீட்டு நம்பர் பதித்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் துடைத்துத் துடைத்துக் கும்பிடாத குறையாக வைத்திருந்த தூண். பளபளக்கும் ஸ்டீல் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சாமிய அசைக்கத்தான் கூடாது. இந்தத் தூண வச்சது நான்தானே, இத ஒடைக்க யாரக் கேக்கணும்?" மூச்சு வாங்கியது அவருக்கு. "ராத்திரியெல்லாம் படுத்து யோசிச்சேன். இது முன்னாடியே தோணல பாரு, மரமண்டை."

புஷ்பவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "குடுங்க, நானும் ரெண்டு போடு போடறேன்" என்று சம்மட்டியைப் பிடுங்கினாள். ஆறு வருடத்து ஆத்திரம் எல்லாம் கையில் இறங்கியது. வாசு கடப்பாரையோடு வந்தான். எதிர் வீட்டு சாதிக் தள்ளுவண்டி கொண்டுவந்து செங்கல்லை அள்ளினார். எட்டு மணிக்குத் தூண் தரையோடு தரையானது. எட்டேகாலுக்கு, தூணுக்கு வெளியே இருந்த சாக்கடை மேல் கார் ஏறப் பலகை போட்டார்கள். எட்டரைக்குக் குரு தன் சிவப்பு மினியில் வந்து இறங்கி, இடிந்த வாசலையும் தூசி பூத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, காருதானே ரெஸ்டோர் பண்றீங்கன்னு சொன்னீங்க. வீட்டையுமா?"

"பேசாத லா, பின்னால பாத்து சொல்லு."

நாகையா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காயைச் சுற்றி ரோட்டில் உடைத்தார். பழங்கள் நசுங்க, மினி பின்னால் நகர்ந்தது. வலப்பக்கம் நாலு விரல் இடம், இடப்பக்கம் முனீஸ்வரரின் மேடையிலிருந்து நாலு விரல். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பலகை கிறீச்சென்றது, தாங்கியது. பச்சை மினி முழுசாக வெளியே வந்து, வெயிலில் நின்றது. எல்லோரும் கைதட்டியது புஷ்பவல்லியின் காதில் விழவேயில்லை. வந்துவிட்டாள், ரோட்டுக்கு வந்தே விட்டாள்!

இடது பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். "ஏறுங்க. நேரமாச்சு."

நாகையா ஏறவில்லை. நேற்றுத் தேநீர் குடித்த அதே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, கேட் இல்லாத வாசலில், மேடைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தொறந்த வீட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் போக முடியுமா? நீ போ. காவலுக்கு நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

அவள் அவரையே பார்த்தாள். எட்டி, அவளே கதவைச் சாத்தினாள். கியரைப் போட்டாள்.

தெருமுனையில் வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டாள். டிக், டிக் என்று அடித்தது. எதிரே நின்ற வேனின் கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவள் கட்டிய வயர். இருபத்தெட்டு வருடமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா? புஷ்பவல்லி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எதிரே ரோட்டில் வழி கிடைத்துவிட்டது. பின்னால் குரு ஹாரன் அடித்தான்.

"வரேன் லா, இரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.