யாம்பிரா வீட்டுக் கதவைத் திறந்தவள்

டெல்மா ப்ராஸ்னனிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யாம்பிராவில் நாய்க்குக்கூடத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் நாற்பது ஆண்களுக்குச் சமைத்துப் போட்டவள். சூப்பில் உப்பு இல்லை என்று முணுமுணுத்த ஒருவன் முன்னால் உப்பு டப்பாவை வைத்து, இதைத் தின்று முடி, அப்புறம் சூப் தருகிறேன் என்றவள். அவளைப் பார்த்து லயனல் ஹாஸல்டன், கமிட்டிக் கூட்டத்தில் பதினோரு பேர் கேட்க அந்த வார்த்தையைச் சொன்னான்.

"உன் கொள்ளுப்பாட்டிக்குக் கல்யாணமே ஆகல, டெல்மா."

நூலகத்துக்கு எதிரே ஊர் ஒரு நினைவுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. ஊரின் ஆரம்பகாலத் தம்பதிகள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கல். நடுக்கல் எட்வின் ஹாஸல்டனுக்கு. அவன் பக்கத்தில் யார் பெயர் என்பதுதான் தகராறு. சிட்னியிலிருந்து பட்டும் பியானோவுமாக 1876இல் வந்திறங்கிய கான்ஸ்டன்ஸ்தான் மனைவி என்றான் லயனல். அவன் அவள் வழிப் பேரன் பிள்ளை, கமிட்டித் தலைவனும்கூட. அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே எட்வினை மணந்தவள் அந்த வீட்டுச் சமையற்கட்டில் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண், தன் கொள்ளுப்பாட்டி ஹானரா டேலி என்றாள் டெல்மா. லயனல் சான்றிதழ் கேட்டான். டெல்மாவிடம் இல்லை.

நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். சிட்னிப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினாள். பிஷப் வீட்டுக்கு எழுதினாள். மூன்று மாவட்ட மாதா கோயில்களின் பழைய திருமணப் புத்தகங்களைக் கண் எரிய எரியப் புரட்டினாள். எல்லா இடத்திலிருந்தும் மரியாதையாக ஒரே பதில், இல்லை என்று. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் வேலி தாண்டிப் பிறந்தவன் பிள்ளை என்று அடி வாங்கியவர். எழுபத்தெட்டு வயதில் சாகும்வரை ஹாஸல்டன்கள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அதை நினைக்கும்போதெல்லாம் டெல்மா இன்னொரு கடிதம் எழுதினாள்.

வழி காட்டியது டல்சி. நூலகப் பின்னறையில் பழைய செய்தித்தாள்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பவள். டெல்மா திருமண அறிவிப்புப் பக்கங்களையே திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"கண்ணு, வேலைக்காரி கல்யாணத்துக்கு எவன் பேப்பர்ல விளம்பரம் குடுப்பான்? ஆனா தகரம் தட்டாத கல்யாணம் இந்த ஊர்ல உண்டா? நீ சத்தத்தைத் தேடு."

டெல்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கே அண்டை அயலார் இருபது பேர் வாணலியும் மண்ணெண்ணெய் டின்னுமாக வந்து வீட்டைச் சுற்றி நின்று காது கிழியத் தட்டினார்கள். புதுத் தம்பதி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு வயிற்றுக்குப் போடும்வரை ஓயக் கூடாது, அதுதான் முறை. இது தெரிந்தும் நாலு வருஷம் கோயில் கோயிலாக அலைந்திருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, சத்தம் என்றால் எவனாவது வழக்குப் போட்டிருப்பான் என்று கோர்ட்டுச் செய்திகளைப் பிரித்தாள்.

மூன்றாம் நாள் அகப்பட்டது. 1871 செப்டம்பர். பெரிய ஹாஸல்டன், அதாவது எட்வினின் அப்பா, கம்பளி விற்க சிட்னி போயிருந்த சமயம். திரும்பி வந்தவர் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் ஒன்பது பேர் மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டிருந்தார். ராத்திரி தகரம் தட்டி, வீட்டுக்குள் புகுந்து, ஒரு முழு ஆட்டைத் தின்றுவிட்டுப் போனார்களாம். பாதிரியார் கீஹோ பைபிள் மேல் கை வைத்துச் சாட்சி சொல்லியிருந்தார். அதே வீட்டுச் சமையற்கட்டில் எட்வினுக்கும் ஹானராவுக்கும் தாமே மணம் செய்து வைத்ததாகவும், திரும்பிப் போகும் வழியில் வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கையில் சேணப்பையோடு பதிவேடும் அடித்துக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். நீதிபதி எட்வினிடம் இந்தப் பெண் உன் மனைவியா என்று கேட்டார். செய்தியாளர் எழுதியிருந்தார்: 'இளைஞர் தம் பூட்ஸைப் பார்த்தவாறு நின்றார், பதிலளிக்கவில்லை.'

அடுத்த வரியை டெல்மா விரலை வைத்துப் படித்தாள். 'அப்போது ஹானரா என்னும் அப்பெண், அழைக்கப்படாமலேயே எழுந்து, கதவைத் திறந்தது நான், உள்ளே வரச் சொன்னது நான், ஆட்டிறைச்சி பரிமாறியதும் நான், வீட்டுக்காரி அழைத்து வந்தவன் எப்படி அத்துமீறியவன் ஆவான் என்று வினவினாள்.' மகனின் மனைவி அந்த வீட்டுக்காரிதான், அவள் அழைப்பு செல்லும் என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

டெல்மா அந்தப் பின்னறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். துக்கம் இல்லை, பெருமை. புருஷன் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தபோது ஒரு சமையற்காரி ஊர்க் கோர்ட்டில் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்.

மறுநாளே பிரதியை எடுத்துக்கொண்டு யாம்பிரா பண்ணை வீட்டுக்குப் போனாள். நூற்றைம்பது வருஷமாக அதே வீடு, அதே பச்சைக் கதவு. லயனல் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஹானரா மனைவி என்றால் கான்ஸ்டன்ஸ் யார் என்ற கேள்வி வருகிறதல்லவா? அதற்கு அவன் தயாரில்லை.

"பேப்பர்காரன் எழுதினது சான்றிதழ் ஆயிடுமா? பதிவேட்டைக் கொண்டா."

"அதை ஆறு கொண்டுபோயிடுச்சுன்னு போட்டிருக்கே."

"அப்ப ஆத்துக்கிட்டயே போய்க் கேளு. திங்கட்கிழமை கல்வெட்டுக்காரர் வர்றார். கான்ஸ்டன்ஸ் பேர்தான்."

லயனலின் மனைவி ஜூடித் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பிரதியை மேஜையிலேயே விட்டுவிட்டு டெல்மா வெளியே வந்தாள். ஆற்றிடம் கேட்கச் சொன்னானே அந்தப் பேச்சை அவளால் செரிக்க முடியவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், முப்பத்தேழு பேர் அந்தப் பச்சைக் கதவைச் சுற்றி நின்றார்கள். பழைய கொட்டகை ஆட்கள் வந்திருந்தார்கள். வழக்கில் மாட்டிய அந்த ஒன்பது குடியானவர்களின் வம்சத்தில் ஆறு குடும்பம் வந்திருந்தது. டல்சி எண்பது வயதில் இரண்டு பாத்திர மூடிகளைத் தாளம்போல் பிடித்திருந்தாள். டெல்மா கையில் நாற்பது பேருக்கு ரொட்டி சுட்ட பெரிய தகரமும் இரும்புக் கரண்டியும். கல்யாணம் யாருக்கு என்று வழியில் ஒருவன் கேட்டதற்கு, ஹானராவுக்கு, மொய் எழுத லேட்டாகிவிட்டது என்றாள்.

தட்டினார்கள். மரத்துக் கிளிகள் கூட்டமாகப் பறந்து ஓடின. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வேலியோரம் போய் ஒட்டிக்கொண்டன. ஜன்னல் வழியே லயனல் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. டெல்மாவின் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. நிறுத்தவில்லை.

கதவு திறந்தது. ஜூடித் நின்றாள், கையில் அந்தப் பிரதி. குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவியது, கசங்கல் தெரிந்தது.

"வெயில்ல நிக்காதீங்க. எல்லாரும் உள்ள வாங்க. ஸ்கோன் ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், குளிர்ந்த ஆட்டுக்கறியும் இருக்கு."

பின்னாலிருந்து லயனல் கதவை மூடச் சொன்னான். இது அத்துமீறல், போலீஸைக் கூப்பிடப்போகிறேன் என்றான்.

"கூப்பிடு லயனல். கதவைத் திறந்தது நான். வரச் சொன்னதும் நான். வீட்டுக்காரி நான்தானே, இல்ல அதுக்கும் சான்றிதழ் வேணுமா?"

கூட்டம் சிரிக்கவில்லை. ஜூடித் நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தது அந்தக் குரலில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. ஒவ்வொருவராகக் கால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஹானரா மணமுடித்த அதே சமையற்கட்டு. ஜூடித் தட்டுகளை எடுத்து வைத்தாள், டல்சி வெண்ணெய் தடவினாள். டெல்மா மட்டும் தகரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். லயனல் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க குடும்பத்து ஆம்பளைங்களுக்கு பூட்ஸ் மேல அப்படி என்ன ஆசையோ" என்றாள் டெல்மா. "தலையை நிமித்து லயனல். எட்வின்கிட்ட கேட்டதையே உன்கிட்ட கேக்கறேன். ஹானரா அவனுக்கு யாரு?"

அடுப்பில் கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது. யாரும் அதை இறக்கப் போகவில்லை. லயனல் மனைவியைப் பார்த்தான். ஜூடித் அவனுக்கு உதவி செய்யவில்லை.

"பெண்டாட்டி" என்றான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"பெண்டாட்டி. அவன் பெண்டாட்டி. கல்லுல அவ பேரையே போடச் சொல்றேன்."

டெல்மா அப்போதுதான் தகரத்தைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜூடித்திடம் இரண்டு ஸ்கோன் கேட்டாள்.