கவிழ்த்து வைத்த முகம்

மரப் பசையைக் கண்டுபிடித்தவனை நான் மன்னித்துவிடுவேன். அதைப் படத்தின் முதுகில் பூசுகிறவர்களை மன்னிக்க மாட்டேன். அன்று தங்கையைக் கூட்டிக்கொண்டு, படங்களுக்குச் சட்டம் போடும் என் கடைக்கு வந்த அண்ணன்காரன் அந்த ரகம். பென்சிலில் வரைந்த ஒரு பெண்ணின் முகத்தை ஓரம் விடாமல் பசை பூசி ஹார்டுபோர்டில் ஒட்டியிருந்தான். மழைக்காலத்தில் அட்டை ஊதி வளைந்துவிட்டது. அந்த இழுப்பில் காகிதம் தாடையிலிருந்து மேல்நோக்கி விரிசல் விட்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான் ஒட்டினது?"

"நான்தாங்க. மடங்காம இருக்கட்டுமேன்னு..."

"நாலு ஆணியும் அடிச்சிருக்கலாமே. இன்னும் கெட்டியா இருந்திருக்கும்."

கூட வந்திருந்த தங்கை சிரித்தாள். சிரித்த முகம் என்னைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு உறைத்தது.

"எங்க அம்மாதான்க்கா இது. எனக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சப்போ அவங்களை உக்கார வச்சு வரைஞ்சேன். எனக்குக் கோடு தெரியணும்னு ரொம்ப அழுத்தி வரைஞ்சேன். அதனால எல்லாம் பள்ளம் பள்ளமா இருக்கும். தொட்டா அம்மா தெரிவாங்க."

அம்மா இப்போது இல்லை. இவள் தினமும் காலையில் எழுந்ததும் அந்த முகத்தைத் தடவிப் பார்க்கிறாள். விரிசல் நகர்வதையும் விரலால்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.

"போன வாரம் வாய்கிட்ட இருந்துச்சு. இன்னைக்கு மூக்கைத் தாண்டிடுச்சு," என்று அதன் முனையில் விரலை வைத்துக் காட்டினாள். அங்கிருந்து கண்ணுக்கு ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை.

சாதாரணமாக இப்படி ஒட்டிய படங்களை ஈரம் காட்டி, சூடு காட்டி, பசையை இளக்கி எடுத்து, பிறகு கனம் ஏற்றித் தட்டையாக்கிக் கொடுப்பேன். இதில் அது எதுவும் நடக்காது. ஈரம் பட்டால் காகிதம் உப்பும். கனம் ஏற்றினால் பள்ளம் தூர்ந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் படம் அப்படியே இருக்கும், இவளுக்கு மட்டும் வெறும் தாள் ஆகிவிடும்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அந்த விரிசல் சும்மா இருக்காதே. வேலை முடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்றாள் அவள். சரி என்றேன்.

மேசையில் மெத்தென்ற துணியை மடித்துப் பரப்பி, படத்தைக் கவிழ்த்தேன். முகம் கீழே, அட்டை மேலே. அட்டையைத்தான் உரிக்க வேண்டும், படத்தை இழுக்கவே கூடாது. மொண்ணைக் கத்தியால் அட்டையைப் பட்டை பட்டையாகப் பிளந்து எடுத்தேன். ஒவ்வொரு பட்டை கிழியும் சத்தத்துக்கும் அவள் தோள் துள்ளியது. கவிழ்ந்த முகத்தில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. நானும் அப்போது குருடிதான்.

"கொஞ்சம் தண்ணி தொட்டா லேசா வருமேங்க?" என்றான் அண்ணன்.

"நீ ஒட்டின வரைக்கும் போதும் சாமி. வாயை மூடிக்கிட்டு நில்லு."

கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் தப்பித்துவிட்டன. கண்கள் இருந்த இடத்தில் வந்து நின்றேன். அங்கே பசையைத் தாராளமாக அப்பியிருந்தான். கல்லாக இறுகிக் கிடந்தது. மொண்ணைக் கத்தி வழுக்கியது. கூர் பிளேடை எடுத்தேன். அழுத்தினால்தான் சீவும். அழுத்தினால் துணியில் நசுங்கி இமைக் கோடுகள் போய்விடும்.

"என்னால முடியாது கண்ணு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவேன், பழக்கதோஷம். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"துணிக்குப் பதிலா என் கையை வைக்கிறேன். எவ்வளவு அழுத்துறீங்கன்னு எனக்குத் தெரியும். ஜாஸ்தியானா சொல்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அண்ணன். அவள் மேசைமேல் கையை நீட்டினாள். அவன் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான்.

துணியை நடுவில் விலக்கினேன். அவள் வலது கையை மல்லாத்தி உள்ளே நுழைத்து, விரல் நுனிகளால் அம்மாவின் கண்களைத் தாங்கிப் பிடித்தாள். மேலே பிளேடு. நடுவில் ஒரு தாள்.

சீவினேன். "இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்," என்றாள். சீவினேன். "போதும். இங்க குறைங்க." பசை தூளாக உதிர்ந்தது. ஒரு கண் முடிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த கண்ணில் பசை சட்டென்று உடைந்துகொடுத்தது. உடைந்த வேகத்தில் பிளேடின் முனை இறங்கிவிட்டது.

அவள் அசையவில்லை.

"அக்கா," என்றாள், குரலை உயர்த்தாமல். "கத்தி என் விரல்ல நிக்குது. நான் கையை இழுத்தா தாள் கிழிஞ்சிரும். நீங்க மெதுவா எடுங்க."

என் உயிர் என் கையில் இல்லை. போன வழியிலேயே பிளேடை வெளியே எடுத்தேன். அதன் பிறகுதான் அவள் விரல்களைக் கீழே தாழ்த்தி, தாளில் படாமல் கையை வெளியே கொண்டுவந்தாள். நடுவிரலில் ரத்தம் முத்துக் கட்டியிருந்தது. நான் அதைத் துணியால் சுற்றினேன். நான் போட்ட கட்டு நிற்கவே இல்லை, அவளே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வெட்டியிருக்கு?" என்றாள்.

"இமைக்கு வெளியில. பொடி வெட்டுதான். உள்ள இன்னும் பசை இருக்கு. நான் நிறுத்திக்கிறேம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு இடது கையை மல்லாத்தித் தாளுக்கு அடியில் நுழைத்தாள்.